தொண்ணூற்று நான்கு சதவீதம்

சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்று
சொன்னவர் எவரும்
என் கடை பிரிண்டரைப் பார்த்ததில்லை.

வல்பரைசோவில், நீதிமன்றப் படிகளுக்கு எதிரே
ஒன்றரை ஆள் நிற்கிற கடை.
மெஷின் ஒன்று. நான் அரை.
துறைமுகத்து மூடுபனி
கண்ணாடிக் கதவைவிட்டு இறங்கும் முன்பே
வரிசை தொடங்கிவிடும்.
எல்லோர் கையிலும் ஒளிர்கிற திரை,
எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்:
"போனில் சரியாகத்தான் தெரிகிறது."

தெரியும்.
போனில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.
தள்ளத் தள்ள நீளும், அதற்கு ஓரம் கிடையாது.
தாளுக்கு உண்டு, நான்கு.

கிரேன் ஓட்டும் நிபால்டோவின் சம்பளச் சீட்டு
வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதற்குள்
தபால்தலையாக இளைத்திருந்தது.
படமாக அனுப்பாதீர்கள், கோப்பாக அனுப்புங்கள் என்றேன்.
இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
மீனுக்கும் மீன் படத்துக்கும் உள்ளதுதான்.
விழுந்து விழுந்து சிரித்தார்.
மறுபடி படமாகவே அனுப்பினார்.

கட்டடக்கலை படிக்கிற பெண், டேப்லெட்டோடு.
அவள் தேடித் தேடி எடுத்த எழுத்துரு
என் கணினியில் இல்லை.
தலைப்பு முழுக்கக் காலிக் கட்டங்கள்,
இன்னும் யாரும் குடிவராத
அடுக்குமாடியின் ஜன்னல்கள்.
பிடிஎஃப் ஆக்கு, எழுத்துருவையும் உள்ளே வைத்துக் கட்டு,
கட்டுச்சோறு மாதிரி;
போகிற இடத்தில் கிடைக்கும் என்று
நம்பிக் கிளம்பாதே என்றேன்.
அவளுக்கு நேரமாகிவிட்டிருந்தது.
கட்டங்களோடே வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பதினொன்றரைக்கு யாஸ்னா.
பெயரை அவள் சொல்லவில்லை, தாளில் இருந்தது.
ஸ்டாக்ஹோமிலிருந்து மின்னஞ்சலில் வந்த
பிரிவினை ஒப்பந்தம், மூன்று பக்கம்:
யாருக்கு வீடு, யாருக்குக் கடன்,
யாருக்கு அந்தப் பழைய படகு.
மூன்றாம் பக்கம் சூடாக வெளியே வந்தது,
கடைசி வரி இல்லாமல்.

அங்கே ஏ-ஃபோர். இங்கே நாங்கள் கார்த்தா என்கிற தாள்.
அவர்களுடையது பதினெட்டு மில்லிமீட்டர் உயரம் கூட.
ஒரு கட்டைவிரல் அகலம்.
அந்தக் கட்டைவிரலுக்குள்தான்
அவன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

ஒன்றும் ஆகிவிடவில்லை,
பக்கத்துக்குப் பொருத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது,
எல்லாம் ஒரே அளவில் சுருங்கும் என்றேன்.
எவ்வளவு?
தொண்ணூற்று நான்கு சதவீதம். கண்ணுக்கே தெரியாது.

அவள் மேஜையில் விரலால் கணக்குப் போட்டாள்.
பதினோரு வருடத்தில் ஆறு சதவீதம் என்றால்
எட்டு மாதம், கிட்டத்தட்ட.
"எந்த எட்டு மாதம்?" என்றாள்.
என்னைக் கேட்கவில்லை.
மெஷினையும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

புதிய பிரதி வந்தது.
சுருங்கிய வீடு, சுருங்கிய கடன், சுருங்கிய படகு,
கீழே, ஓரத்துக்குச் சற்று மேலே,
நெளிந்து முடிகிற அவன் பெயர்.
எல்லாம் பத்திரம்.
பழைய தாளைக் கசக்கப் போனேன்.

"அதையும் கொடுங்கள்."

கெட்டுப்போன தாளுக்குக் காசு வாங்குவதில்லை என்றேன்.
"கெட்டுப்போகவில்லை" என்றாள்,
நாணயத்தை எண்ணி வைத்தாள், நான்கு பக்கத்துக்கும்.

கையெழுத்து உள்ளது கோப்புறைக்குள் போனது.
கையெழுத்து இல்லாததை
நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தாள்.
படியேறும்போது ஒருமுறை
அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.
அல்லது குளிராக இருந்திருக்கலாம்.

அடுத்தவர் போனை நீட்டினார்.
அவர் வாய் திறக்கும் முன்
முன்னோட்டத்தைத் திறந்தேன்,
கடைசிப் பக்கத்தின் அடிவரை உருட்டினேன்.
இப்போதெல்லாம்
அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.